ஒரு பக்கம், பதினொரு நிமிடம்

ரோஸ்ஹில்லில் எங்கள் வீட்டு முன்வராந்தாவில் சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் ஒரு மேசையும் ஆறு நாற்காலியும் போட்டிருக்கும். அதுதான் என் ‘லெசோன்’. மொரீஷியஸில் டியூஷனுக்கு அதுதான் பெயர், பிரெஞ்சிலிருந்து வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆரம்பித்தேன். ஐந்தாறு வருஷமாகப் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் கணக்குக்காக வருவதில்லை. “படிக்கிறேன் மிஸ், நிக்கவே மாட்டேங்குது” என்று யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்காக வருகிறார்கள்.

அந்தப் பையனைக் கொண்டுவந்து விட்டது அவனுடைய பாட்டி. கோயிலில் பழக்கம். எழுபதைத் தாண்டியவர். இந்தத் தீவில் தமிழைப் பேச்சாகவே வைத்திருக்கும் கொஞ்சப் பேரில் ஒருவர். “நல்ல புள்ளைதான் மா. புஸ்தகத்தைத் தொறந்தா தூங்கிடுது. நீ கொஞ்சம் அதட்டு” என்றார்.

அதட்டினேன். கதை கெட்டது அங்கேதான்.

பையன் கணக்கியல் பட்டப்படிப்பு, இரண்டாம் ஆண்டு. முதலாண்டில் இரண்டு மாட்யூல், அதாவது இரண்டு பாடம், போய் மறுதேர்வு எழுதியிருந்தான். பேச்சில் படு கெட்டி. இங்கிலீஷ் ஃபுட்பால் லீக்கில் எந்த டீம் எந்த வருஷம் எத்தனை புள்ளி என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வான். லாபநட்டக் கணக்கில் ஒரு சிக்கலை வாயால் சொன்னால் வாயாலேயே தீர்ப்பான். அதையே அச்சில் நீட்டினால் கொட்டாவி விடுவான், பேனாவை உருட்டுவான், தண்ணீர் குடிக்க எழுந்து போவான். சோம்பேறி என்று முடிவு கட்டினேன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் மூன்று தடவை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். எங்கள் வாத்தியார்கள் சொன்ன மருந்துதான்: எழுதினால் மனசில் நிற்கும்.

எழுதிக்கொண்டுதான் வந்தான், நாற்பது பக்கம். ஒரே பக்கத்தில் ஒரே வார்த்தையை மூன்று விதமாக எழுதியிருந்தான். புத்தகத்தைப் பார்த்து எழுதியது, அப்படியும் தப்பு. சிவப்பு மையில் வட்டம் போட்டு “கவனமே இல்லை” என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் இப்படியே ஓடியது. அப்புறம் வரவில்லை. பாட்டி கோயிலில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

மற்றவர்கள் இப்படிச் செய்தால் மன்னிக்கலாம். நான் செய்திருக்கக் கூடாது. ஏனென்றால் நானே மக்கு என்று பெயர் வாங்கியவள்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து 2001ல் பொறியியல் கல்லூரிக்குப் போனேன். பன்னிரண்டு வரை தமிழ்வழி. கணக்கில் 200க்கு 192. கல்லூரியில் முதல் செமஸ்டரில் நான்கு அரியர், அதில் ஒன்று கணக்கு. வீட்டில் யாரும் நம்பவில்லை, நானும்தான். முதல் நாளே ஆசிரியர் பலகையில் மேட்ரிக்ஸ் என்று எழுதி, டிட்டர்மினன்ட், ஐகன் வேல்யூ என்று போய்க்கொண்டே இருந்தார். டிட்டர்மினன்ட் என்பது நான் கரைத்துக் குடித்திருந்த அணிக்கோவைதான் என்று எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது. ஃபங்ஷன் என்றால் சார்பு. லிமிட் என்றால் எல்லை. எல்லாமே என் வீட்டுச் சாமான்தான், டப்பாக்களில் வேறு லேபிள் ஒட்டியிருந்தது. ஆனால் வகுப்பில் அந்த நேரத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது லேபிள் பிரச்சினை என்று தெரியாது. மூளை மழுங்கிவிட்டது என்றுதான் தோன்றும். எனக்குத் தோன்றியது. கை தூக்கி ஒரு சந்தேகம் கேட்டதற்கு, “பிளஸ் டூவில் என்னம்மா படிச்சே?” என்று அந்த ஆசிரியர் கேட்டார். வகுப்பு சிரித்தது. அதன்பிறகு நான்கு வருஷத்தில் நான் எந்த வகுப்பிலும் கை தூக்கவில்லை.

விடுதியில் எனக்கு மூத்த அக்கா ஒருத்தர்தான் காப்பாற்றினார். நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் இங்கிலீஷ்ச் சொல் என்று நிரப்பச் சொன்னார். நோட்டு பாதி நிரம்பும்போதே கணக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. 2010ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியது என்று இங்கிருந்தபடி படித்தபோது அந்த நாற்பது பக்க நோட்டைத்தான் நினைத்துக்கொண்டேன். முழுப் படிப்பையும் தமிழில் தந்தால் வேலைக்கு ஆகுமா என்பது வேறு விவாதம். எனக்கு அன்று தேவைப்பட்டது ஒரு நோட்டும், சிரிக்காத ஒரு ஆளும்.

இவ்வளவு பட்டவள் அந்தப் பையனைப் பார்த்து எப்படிச் சோம்பேறி என்றேன்? நான் மாட்டிக்கொண்ட முடிச்சு மொழி. அதனால் மொழி முடிச்சை மட்டும் எனக்கு அடையாளம் தெரியும். அவன் இங்கிலீஷ் நன்றாகவே பேசினான். ஆகவே இது திமிர்தான் என்று என் கணக்கு ஓடியது.

திருப்பம் தைப்பூசத்தில் வந்தது. இங்கே காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. பத்து நாள் விரதம் இருந்து ஊரே தூக்கும். விரத நாட்களில் மாலையில் கோயிலில் பாட்டு. தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காகத் தமிழ்ப் பாட்டை ரோமன் எழுத்தில் அச்சடித்துக் கொடுப்பார்கள். அன்றைக்கு எல்லோர் கையிலும் தாள் இருந்தது. பக்கம் திருப்புகிற சத்தம் சரசரவென்று கேட்டது. அந்தப் பையன் கையிலும் தாள் இருந்தது. அவன் முக்கால் மணி நேரமும் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. அவ்வளவு பாட்டையும் வரி பிசகாமல் பாடினான், கண் மூடியபடி. ஆறு வயதிலிருந்து பாட்டி பாடக் கேட்டுக் கேட்டு வந்தது அத்தனையும்.

நான் பாட்டைக் கேட்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காவடி முடிந்த வாரம் பாட்டியிடம் போய், பையனை ஒரே ஒரு தடவை அனுப்பச் சொல்லிக் கெஞ்சினேன். வந்தான். சிவப்பு மைக்கு மன்னிப்புக் கேட்டேன். “பா க்ராவ், மிஸ்” என்றான், பரவாயில்லை மிஸ் என்று அர்த்தம். முகம் அப்படிச் சொல்லவில்லை.

அன்றைக்குச் செய்த காரியத்தை விவரமாகச் சொல்கிறேன். இதை எந்த அம்மாவும் அக்காவும் வீட்டிலேயே செய்யலாம். அவன் பாடப்புத்தகத்திலிருந்து அவன் இதுவரை படிக்காத ஒரு பக்கம் எடுத்தேன், ஏறத்தாழ 400 வார்த்தை. மனசுக்குள் வாசி, முடித்ததும் சொல் என்றேன். போன் கடிகாரத்தை அவன் கண்ணில் படாமல் ஓடவிட்டேன். சரளமாக வாசிக்கிறவருக்கு இரண்டு நிமிடம் போதும். பாடம் கடினம், மூன்று வைத்துக்கொள்வோம். அவன் பதினொரு நிமிடம் எடுத்தான். விரல் ஒவ்வொரு வரிக்கும் அடியில் நகர்ந்தது. ஒரு வரி முடிந்து அடுத்த வரி பிடிக்கும்போது இரண்டு தடவை தவறி, வாசித்த வரிக்கே திரும்பினான். முடித்ததும் என்ன சொல்கிறது என்று கேட்டேன். தலைப்பைத் திருப்பிச் சொன்னான். அவ்வளவுதான்.

அடுத்து, அதே அளவில் இன்னொரு பக்கத்தை நானே உரக்க வாசித்துக் காட்டினேன். முடித்ததும் கிரியோலில், அதாவது இந்தத் தீவில் வீட்டில் பேசுகிற மொழியில், சொல்லு என்றேன். பாயிண்ட் பாயிண்டாகச் சொன்னான். ஆசிரியர் கடைசியில் தனக்குத்தானே முரண்படுகிறார் என்று ஒரு குறையையும் பிடித்தான். நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

1986ல் கஃப், டன்மர் என்ற இருவர் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறமை ஒரு எண், மொழியைப் புரிந்துகொள்ளும் திறமை இன்னொரு எண், இரண்டையும் பெருக்கினால் வாசிப்புப் புரிதல். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒரு பக்கம் எவ்வளவு பெரிய எண் இருந்தாலும் மறுபக்கம் பூஜ்யத்துக்குக் கிட்டப் போனால் விடையும் அங்கேதான் போகும். எனக்குக் குறைந்தது மொழி. இவனுக்குக் குறைந்தது எழுத்து. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மார்க் ஷீட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

டிஸ்லெக்சியா என்ற சொல் இப்போது எல்லோருக்கும் தெரியும்: புத்திக்குக் குறைவில்லாமல் எழுத்து மட்டும் வசப்படாத சிக்கல். சின்னப் பிள்ளைகள் விஷயம் என்று நினைக்கிறோம். அந்தப் பிள்ளை வளர்ந்து பல்கலைக்கழகம் போகும் என்று நினைப்பதில்லை. 1896லேயே பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலீஷ் டாக்டர், கெட்டிக்காரப் பதினாலு வயதுப் பையன் ஒருவனுக்கு எழுத்து மட்டும் வசப்படவில்லை என்று மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். கெட்டிக்காரப் பிள்ளைகள் காதாலும் ஞாபகத்தாலும் சமாளித்துப் பள்ளியைத் தாண்டிவிடுவார்கள். பள்ளியில் புத்தகம் சிறிது. கல்லூரியில் வாரத்துக்கு நூறு பக்கம். அணை அங்கேதான் உடைகிறது.

இந்தத் தீவில் அணை உடைவது இன்னும் தாமதமாகத் தெரிகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் கிரியோல். பத்திரிகை பிரெஞ்சு. பாடப்புத்தகமும் தேர்வும் இங்கிலீஷ். கோயிலில் தமிழ். ரூபாய் நோட்டில்கூடத் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998ல் அச்சான நோட்டில் தமிழ் பின்னுக்குப் போய்விட்டது என்று கிளம்பிய எதிர்ப்பில் நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். அந்த ரோஷம் எனக்குப் பிடிக்கும். நோட்டில் இருக்கும் அந்தத் தமிழ் வரியை வாசிக்கத் தெரிந்த பிள்ளை எத்தனை என்று கேட்டால்தான் பேச்சு மாறிவிடும். ஒரு பிள்ளைக்கு எழுத்து வசப்படவில்லை என்றால், பிரெஞ்சு டீச்சர் இங்கிலீஷைக் குறை சொல்வார், இங்கிலீஷ் டீச்சர் கிரியோலைக் குறை சொல்வார். ‘சி’யும் ‘எச்’சும் சேர்ந்தால் பிரெஞ்சில் ‘ஷ’, இங்கிலீஷில் பெரும்பாலும் ‘ச்ச’. ‘ஐ’ என்ற எழுத்து பிரெஞ்சில் ‘இ’, இங்கிலீஷில் நேரத்துக்கு ஒன்று. சாதாரணப் பிள்ளையே தடுமாறும் இடம் இது. தடுமாறுகிற எல்லோருக்கும் நடுவில் உண்மையாகவே எழுத்துச் சிக்கல் இருக்கிறவன் ஒளிந்துகொள்கிறான்.

தமிழை வாசிக்கச் சொல்லிப் பார்த்தேன், எஸ்.சி. என்ற பள்ளித் தேர்வு வரை தமிழ் எடுத்தவன்தான். ஆச்சரியமாக, தமிழில் தப்பு குறைவு. வேகம் மட்டும் ஆமை. நம் எழுத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, தம்பியில் வரும் பகரம் எந்தப் பகரம் என்பதற்குக்கூட விதி உண்டு. அதனால் தப்பாக வாசிப்பது குறைகிறது, மெதுவாக வாசிப்பது குறைவதில்லை. ‘கொ’வில்தான் திணறினான். கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் ககரம், ஆனால் உச்சரிக்கும்போது ககரம்தான் முதலில். “இதை யார் மிஸ் கண்டுபிடிச்சது?” என்று கேட்டான். இத்தனை வருஷமாக எழுதுகிறேன், எனக்கு இது ஒரு நாளும் விநோதமாகப் பட்டதில்லை.

மொழிச் சிக்கலா, எழுத்துச் சிக்கலா என்று பிரித்தறிய எனக்குக் கிடைத்த நல்ல துப்பு வாட்ஸ்அப்பில் இருந்தது. இங்கே இளசுகள் கிரியோலில்தான் மெசேஜ் அடிக்கும், யாரும் எழுத்துப்பிழை பார்ப்பதில்லை. அந்தப் பையனின் பழைய மெசேஜ்களைத் தேடினேன். எழுத்தே இல்லை. எல்லாம் வாய்ஸ், இல்லாவிட்டால் பொம்மை. “வர முடியாது” என்பதைக்கூட வாயால் சொல்லி அனுப்பியிருக்கிறான். அவனுக்குச் சொந்தமான மொழியிலும் எழுத்து அவனுக்குப் பகை.

அதே சமயம் என்னிடம் வந்த ஒரு பெண் இதற்கு நேர் எதிர். சமூகவியல் முதலாண்டு. கிரியோலில் ஒரு மெசேஜ் அடித்தால் போன் திரையைத் தாண்டும். இங்கிலீஷில் பேசவும் செய்வாள். கட்டுரையில் மட்டும் அடி. ஒரு கட்டுரையை இணையத்திலிருந்து அப்படியே எடுத்தாள் என்று சொல்லி மதிப்பெண்ணை வெட்டிவிட்டார்கள். “மோ கோன் தூ பார் கேர், மிஸ்” என்று அழுதாள். எல்லாம் மனப்பாடமாகத் தெரியும் மிஸ். அதுதான் வினையே. ஜிம் கம்மின்ஸ் என்ற கனடாக்காரர் 1979ல் ஒரு வேறுபாட்டைச் சொன்னார்: இரண்டாம் மொழியில் பேச்சு வழக்குக்கு ஓரிரு வருஷம் போதும், பாடமொழி கைவர ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும். பேசுகிறாளே என்று பார்த்து ஏமாறும் இடம் இது. கேள்வியில் ‘டிஸ்கஸ்’ என்று இருந்தாலும், ‘கம்பேர்’ என்று இருந்தாலும், ‘கிரிட்டிகலி இவாலுவேட்’ என்று இருந்தாலும் இவள் ஒரே பதிலைக் கொட்டுவாள், மனப்பாடம் செய்த வரிசையில்.

அவளுக்கு அக்காவின் நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன், இந்தத் தடவை மூன்று பத்தி. முதலில் இங்கிலீஷ்ச் சொல், நடுவில் கிரியோலில் அவள் வாயில் வருகிற விளக்கம், மூன்றாவதில் அவள் ஊரிலிருந்து ஒரு உதாரணம். மார்ஜினலைசேஷன், அதாவது ஓரங்கட்டப்படுவது, என்ற சொல்லுக்கு அவள் எழுதிய உதாரணம், பேருந்து கடைசி ட்ரிப்பை நிறுத்தியபின் தன் அம்மாவுக்கு மாலை வேலை போனது. அந்த வரியைக் கட்டுரையில் போட்டாள். அவள் வாங்கிய நல்ல மதிப்பெண்ணில் முதலாவது அது. ‘லெசோன்’ நடத்துகிற நானே சொல்கிறேனே என்று தோன்றும்: ஆரம்பப் பள்ளியிலிருந்து மாலைதோறும் யாராவது ஒருவர் நோட்ஸ் கொடுத்து, வரப்போகும் கேள்வியைக் குறித்துக்கொடுத்து, விடையையும் எழுதிக்கொடுத்து வளர்த்த பிள்ளைகள் இவர்கள். பதினெட்டு வயதில் திடீரென்று நூலகத்தைக் காட்டி நீயே போய்ப் படி என்றால், நீந்தத் தெரியாதவனை ஆழத்தில் தள்ளுகிற மாதிரிதான். 1977லிருந்து இடைநிலைக் கல்வி இலவசம், 2019 ஜனவரியிலிருந்து அரசு நிறுவனங்களில் முதல் பட்டப்படிப்புக்கும் கட்டணமில்லை. கதவு அகலமாகத் திறந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். உள்ளே வந்தபின் எப்படி நடப்பது என்று சொல்லித்தர ஆள் போதவில்லை.

இன்னொருவன் வந்தான், பின் வரிசையில் உட்கார்ந்தால் எதுவுமே புரியவில்லை என்று. அவனுக்குத் தேவைப்பட்டது மூக்குக் கண்ணாடி. அதையும் சொல்லிவிடுகிறேன், முதலில் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் இரண்டே மாதத்தில் எதிலும் ஒட்டாமல் போனபோது நான் பாடத்தைத் தொடவே இல்லை, டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னேன். பிறந்ததிலிருந்து இருக்கும் சிக்கல் ஒன்று, திடீரென்று வந்த மாற்றம் வேறொன்று. இரண்டாவதற்கு என்னைப் போன்ற டியூஷன்காரி மருந்தில்லை.

பையன் கதைக்கு வருகிறேன். எழுத்து மட்டும்தான் அவன் முடிச்சு என்று முடித்திருந்தால் அதுவும் தப்பாகியிருக்கும். வாரத்தில் நான்கு இரவு அவன் ஈபேனில் ஒரு கால்சென்டரில் பிரான்சுக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வர இரவு பத்தரை. காலை ஏழரைக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ரெதுய் போகும் மெட்ரோவில் நின்றுகொண்டே தூங்குவான். பதினொரு நிமிடத்துக்கு ஒரு பக்கம் வாசிக்கிறவனுக்கு மற்றவர்களைப்போல் நாலு மடங்கு நேரம் வேண்டும். இவனுக்கோ மற்றவர்களில் பாதிதான் இருந்தது. பாட்டி பார்த்த தூக்கம் பொய்யில்லை. நான்கு இரவை இரண்டாகக் குறைக்கச் சொன்னேன். சுலபமாகச் சொல்லிவிட்டேன், அவன் சம்பளத்தில்தான் வீட்டுக் கரண்ட் பில் போகிறது என்று பிறகுதான் தெரிந்தது. தேர்வுக்கு முந்தைய ஆறு வாரத்துக்கு மட்டும் சித்தப்பா அந்தப் பணத்தைப் பார்த்துக்கொள்வது என்று பேசி முடித்தோம். கற்றல் இடர்ப்பாடு என்று தலைப்பிட்டுப் பேசும் பெரிய மனிதர்கள் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

கல்வி உளவியலாளர் ஒருவரிடம் முறையாகச் சோதித்தோம். டிஸ்லெக்சியா என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ நான் மக்கு இல்லையா?” என்று கேட்டான். இருபத்தோரு வயது ஆண்பிள்ளை. பாட்டிதான் எதிர்த்தார். இப்படி ஒரு தாள் இருந்தால் நாளைக்குப் பெண் கொடுப்பார்களா என்று அவர் கவலை. தமிழில் இதற்கு ‘கற்றல் குறைபாடு’ என்று பேர் வைத்ததே தப்பு என்று அன்றைக்குத் தோன்றியது. குறை என்ற சொல் காதில் விழுந்தபின் பாட்டிக்கு வேறெதுவும் கேட்கவில்லை. “கண்ணாடி போடுற மாதிரிதான் பாட்டி, இது எழுத்துக்குக் கண்ணாடி” என்று சொல்லிச் சமாளித்தேன். ஒரு அளவுக்குத்தான் நம்பினார்.

தாளை வைத்துத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்டோம். இங்கே பள்ளியில் எழுதும் கேம்பிரிட்ஜ் தேர்வுகளில் இப்படிப்பட்டவர்களுக்கு 25 சதவீதம் வரை கூடுதல் நேரம் கொடுக்கும் வழக்கம் உண்டு. பள்ளியிலேயே யாராவது கவனித்திருந்தால் எச்.எஸ்.சி. என்ற பள்ளி இறுதித் தேர்விலேயே கிடைத்திருக்கும். கல்லூரியில் படிவம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போய்க்கொண்டே இருந்தது, அந்த செமஸ்டர் தேர்வு முடிந்தபிறகுதான் பதில் வந்தது. பட்டுத் தெரிந்துகொண்டது: செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்திலேயே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், கொடுத்ததற்கு ஒரு நகலும் தேதியும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணித் தேர்வில் 25 சதவீதம் என்றால் 45 நிமிடம். இரண்டு பக்கக் கேஸ் ஸ்டடியை ஒரு தடவை வாசிக்கவே 22 நிமிடம் எடுக்கிறவனுக்கு அது சலுகையில்லை, கணக்கை நேர் செய்வது.

எங்களுக்குப் பலன் கொடுத்தவை அதிகமில்லை. போனை வாசிக்க வைத்தோம். பாடக் கோப்பைத் திறந்து ‘உரக்கப் படி’ வசதியைப் போட்டால் அது வாசிக்கும், இவன் அதே நேரம் கண்ணால் வரியைத் தொடர்வான். காதில் மட்டும் வாங்கினால் சில நாளில் எழுத்தை மொத்தமாகக் கைவிட்டுவிடுகிறார்கள், அதனால் கண்ணும் கூடவே போக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். பத்து நிமிடம் கேட்டதும் நிறுத்தி, கேட்டதைக் கிரியோலில் தனக்கே ஒரு வாய்ஸ் மெசேஜாகப் பேசி வைப்பான். அவன் வாய்ஸ் அனுப்பிக்கொண்டிருந்த போனே அவன் நோட்டுப் புத்தகமானது. மறுநாள் அந்த வாய்ஸைக் கேட்கும் முன்னால், நேற்று என்ன சொன்னேன் என்று மனசிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பான். இந்தக் கடைசிப் படி முக்கியம். 2006ல் ரோடிகர், கார்பிக்கே இருவரும் மாணவர்களை வைத்துச் செய்த பரிசோதனை ஒன்றில், பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். நான் மூன்று தடவை பார்த்து எழுதச் சொன்னதற்கு எவ்வளவு அர்த்தம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பார்த்து எழுதுகிற கை வேலை செய்யும், தலை வேலை செய்யாது.

பலன் தராதவையும் உண்டு. மஞ்சள் கண்ணாடித்தாளைப் பக்கத்தின்மேல் வைத்து வாசித்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லி, பாட்டி காசு கொடுத்து வாங்கிவந்தார். பதினொரு நிமிடம் பதினொரு நிமிடமாகவே இருந்தது. தன்னம்பிக்கைப் பேச்சு வீடியோக்களை அவனே நிறுத்திவிட்டான். “அதைக் கேட்டா இன்னும் கோவம்தான் மிஸ் வருது” என்றான்.

கேள்வித்தாளுக்கு ஒரு பழக்கம் ஏற்படுத்தினோம். கேஸ் ஸ்டடியை வாசிக்கும் முன் அதன் அடியில் இருக்கும் கேள்விகளை வாசித்துவிட வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் முழுவதையும் வாசிக்க வேண்டியதில்லை. சாதாரணமான யோசனைதான், யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஒரே அடியில் எல்லாம் மாறிவிடவில்லை. அடுத்த தேர்வில் ஆறு மாட்யூலில் ஐந்து தேறினான், சட்டம் போய்விட்டது. சட்டப் புத்தகத்தில் கணக்கே கிடையாது, முழுக்க எழுத்து. அதைத் திரும்ப எழுதப்போகிறான், இந்தத் தடவை கூடுதல் நேரத்தோடு. ஒரு பக்கத்துக்கு இப்போது எட்டு நிமிடம் ஆகிறது, அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. இறங்காமலும் போகலாம். வராந்தாவில் பின்னால் கோர் த கார்ட் மலை தெரியும் நாற்காலிதான் அவனுடையது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு விரலை வரிக்கு அடியில் நகர்த்திக்கொண்டிருப்பான். பள்ளிப் பிள்ளைகள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், இப்போது ஒருத்தி அவனைப் பார்த்து விரல் வைத்து வாசிக்க ஆரம்பித்திருக்கிறாள்.

போன வாரம் பாட்டி முருங்கைக்கீரை ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தார். இந்த ஊர்க் கிரியோலில் அதற்கு ‘ப்ரேத் முரூம்’, நம் முருங்கைதான் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். என்ன பாட்டி என்றேன்.

“இவன் தங்கச்சி இருக்குதில்ல மா, ஃபார்ம் த்ரீ, ஒன்பதாவது. அதுவும் போன்ல பேசியே அனுப்புது. எழுத மாட்டேங்குது.”

சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். சிவப்புப் பேனாவை மேசையிலிருந்து எடுத்து உள்ளே வைத்தாயிற்று.